பாகூர் மதகடியில் கூடு சுமக்கும் புழுக்கள்: இவை இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிடலாமா?

மதகடி (பாகூர்)

அனைவருக்கும் வணக்கம். பாகூர் ஏரியின் மதகுக்குக் கீழே, வாய்க்கால் தொடங்கும் இடத்தில் கருங்கல் பதித்த ஒரு பகுதி இருக்கிறது. தண்ணீர் குறைவாகத் திறந்திருந்த ஒரு காலை நேரத்தில் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லின் மேல் படிந்திருந்த மணலில் ஒரு பகுதி மட்டும் தானாக நகர்வதைக் கண்டேன். கையில் எடுத்துப் பார்த்தால் அது ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத சிறு குழல். மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியது போல இருந்தது. பின்பக்கம் சற்றே குறுகி வளைந்திருந்தது. தண்ணீர் நிரப்பிய வெள்ளைத் தட்டில் போட்டுச் சிறிது நேரம் அசையாமல் காத்திருந்தபோது, முன்வாயிலிருந்து ஒரு பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் வெளியே வந்தன. பின்கால்கள் மற்றவற்றைவிடத் தெளிவாகவே நீளமாக இருந்தன. அந்தக் கால்களால் தரையைப் பற்றி, குழலையும் இழுத்துக்கொண்டு புழு நடந்தது. விரல் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது.

அதே இடத்தில் கற்களைப் புரட்டியபோது, அடிப்பக்கத்தில் குப்பையும் மணலும் சேர்த்துக் கட்டிய சிறு அறைகளும், அவற்றின் வாயில் மிக மெல்லிய வலையும் இருந்தன. இவை இரண்டும் ஒரே பூச்சியா, வெவ்வேறா? கேடிஸ் பூச்சி (caddisfly, அந்துப்பூச்சி போன்ற ஒரு பூச்சி) என்பதன் புழுக்கள் நல்ல தண்ணீரில்தான் வாழும் என்று எங்கோ படித்த நினைவு. அப்படியானால் எங்கள் ஏரித் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மகிழலாமா?

நெல்வயல் (குறிஞ்சிப்பாடி)

நண்பரே, நீங்கள் சொல்வதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது நெல்லில் வரும் கூண்டுப்புழுதான். சம்பா நடவு முடிந்து பயிர் இளசாக இருக்கும்போது, தண்ணீர் தேங்கிய தாழ்ந்த வயல்களில் இலை நுனிகள் கத்தரிக்கோலால் நறுக்கியது போல இருக்கும். நறுக்கிய துண்டைச் சுருட்டி அதற்குள் புழு இருந்துகொண்டு தண்ணீரில் மிதக்கும். தாளில் பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிடுவதால் இலை வெளுத்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின் மேல் இழுத்துக் கூடுகளைத் தண்ணீரில் விழச் செய்து, பிறகு வயலை வடித்துவிடுவது எங்கள் பக்கம் பழைய வழக்கம். மதகுக்கு அருகில் இருப்பதும் இதுதான் என்றால், வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்துவிடாதா என்பது என் கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்ப்பூச்சி ஆசிரியை (புதுச்சேரி)

இருவருடைய கேள்விகளும் நல்ல கேள்விகள். முதலில் நெல்வயல் ஐயாவின் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். நெல் கூண்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதன் கூடு இலைத்துண்டு, மணல் அல்ல. கூட்டிலிருந்து மெதுவாக வெளியே எடுத்துக் கைலென்சில் பார்த்தால், மூன்று ஜோடி மெய்க்கால்களுக்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில் சதைப்பற்றான குட்டைக் கால்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் நுண்ணிய கொக்கிகள் இருக்கும். கேடிஸ் புழுவின் வயிற்றில் அப்படிப்பட்ட கால்கள் கிடையாது. உடலின் கடைசியில் ஒரே ஒரு ஜோடி, ஒவ்வொன்றிலும் ஒரு வலுவான கொக்கி. அதைக் கொண்டுதான் கூட்டின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. நீங்கள் குழலைப் பிடித்து இழுத்தாலும் புழு வெளியே வராமல் அடம்பிடிப்பதற்கு அந்தக் கொக்கிகளே காரணம். செவுள் இழைகளை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கூண்டுப்புழுவுக்கும் உடலின் பக்கங்களில் இழைச் செவுள்கள் உண்டு. மணல் குழல் சுமக்கும் புழுவால் நெல்லுக்குக் கேடு எதுவும் இல்லை.

இன்னொரு குழப்பமும் இங்கே அடிக்கடி வரும். வண்டலில் மண்குழாய் கட்டி வாழும் சிவப்புப் புழுக்களை, மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பிளட் வார்ம் என்று வாங்குகிறார்களே, அவற்றையும் சிலர் கேடிஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவை கொசுவை ஒத்த, ஆனால் கடிக்காத ஒரு வகை ஈயின் புழுக்கள். அவற்றின் குழாய் தரையோடு ஒட்டியிருக்கும். அதைச் சுமந்துகொண்டு நடமாடுவதில்லை.

மதகடி நண்பர் பார்த்தவை இரண்டும் கேடிஸ்தான், ஆனால் வெவ்வேறு குடும்பங்கள். நீண்ட பின்கால்களும் குறுகி வளைந்த மணல் குழலும் லெப்டோசெரிடே குடும்பத்தைச் சுட்டுகின்றன. ஏரி, குளம் போன்ற நிற்கும் தண்ணீரிலும் மெதுவாக ஓடும் வாய்க்காலிலும் வாழப் பழகிய குடும்பம் அது. கல்லுக்கு அடியில் அறை கட்டி வாயில் வலை விரித்திருப்பவை ஹைட்ரோசைக்கிடே குடும்பம். அவை கூட்டைச் சுமப்பதில்லை. ஓடும் தண்ணீர் கொண்டுவரும் பாசித் துணுக்குகளையும் மக்கிய இலைத்தூளையும் சிற்றுயிர்களையும் வலையில் பிடித்துத் தின்கின்றன. தண்ணீர் நின்றுவிட்டால் அந்த வலையால் பயனில்லை. ஆகவே அவற்றுக்கு ஓட்டம் இன்றியமையாதது. இடத்துக்குச் சண்டையும் உண்டு. வேறொரு புழு தன் அறைக்குள் நுழைய வந்தால், உள்ளே இருப்பது முன்காலைத் தலையின் அடியில் உள்ள வரிகளின் மேல் உரசி ஒலி எழுப்பி விரட்டும்.

உலகில் கேடிஸ் பூச்சிகளின் வரிசையில் 16,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் மிக நெருங்கிய உறவு இவைதான். இரண்டு வரிசைகளிலும் புழு தன் கீழுதட்டுச் சுரப்பியிலிருந்து பட்டு நூற்கிறது. கேடிஸின் பட்டு தண்ணீருக்கு அடியிலேயே ஈரக் கல்லில் ஒட்டும். அதன் புரதத்தில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டு ஏறியிருக்கிறது. அது தண்ணீரில் உள்ள கால்சியம் அயனிகளோடு பிணைந்து நூலுக்கு வலுவைத் தருகிறது. பட்டுப்புழுவின் நூலில் இந்த ஏற்பாடு இல்லை.

வாய்ப்புக் கிடைத்தால், முன்விளிம்பு சிறிது உடைந்த கூடு ஒன்றைத் தட்டில் வைத்து, பக்கத்தில் கொஞ்சம் மணலைத் தூவிப் பாருங்கள். புழு ஒரு துகளை முன்கால்களால் எடுத்து, சுற்றிச் சுற்றித் திருப்பி, விளிம்பில் வைத்துப் பொருத்தம் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். பொருந்தியதும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி நூலால் தைக்கும். அரை மணி நேரம் போவதே தெரியாது. கூட்டுக்குள் வயிற்றை அலைபோல் அசைத்துக்கொண்டே இருப்பதால், தண்ணீர் முன்வாய் வழியே நுழைந்து செவுள்களைத் தழுவிப் பின்துளை வழியே வெளியேறுகிறது. தட்டில் மெல்லிய வண்டல் இருந்தால் இந்த ஓட்டத்தைக் கண்ணாலேயே காணலாம்.

கெடிலக்கரை (கடலூர்)

ஆசிரியை அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் மதகடி நண்பர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நேராகவே விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீர்வாழ் சிற்றுயிர்களைக் கொண்டு தண்ணீரின் தரத்தை மதிப்பிடும் முறை பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். லெப்டோசெரிடேக்கு 10, ஹைட்ரோசைக்கிடேக்கு 5, சிவப்புப் புழுக்களின் குடும்பத்துக்கு 2, சேற்றில் நெளியும் மண்புழு இனங்களுக்கு 1. நம் நாட்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆறுகளின் உயிரியல் மதிப்பீட்டுக்கு இதே முறையைத் தழுவித்தான் எடுத்துக்கொண்டது. அதன்படி பாகூர் மதகடிக்குப் பாராட்டு.

என் மனம் வலிப்பது எங்கள் கெடிலம் ஆற்றை நினைத்து. திருவதிகைப் பக்கம் தொடங்கி கடலூர் நகரப் பாலங்கள் வரை பல இடங்களில் இறங்கிப் பார்த்திருக்கிறேன். நகரத்துக்குள் வந்த பிறகு கூடு சுமக்கும் புழு ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. சாக்கடை கலக்கும் இடங்களில் சிவப்புப் புழுக்கள்தான் மண்டிக் கிடக்கின்றன. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கேடிஸ் இல்லை என்றால் ஆறு செத்துவிட்டது என்று எழுதி வைக்க வேண்டியதுதான்.

நீர்ப்பூச்சி ஆசிரியை (புதுச்சேரி)

கெடிலக்கரை ஐயாவின் வேதனையில் எனக்கும் பங்கு உண்டு. சாக்கடை கலப்பதை நானும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த ஒரு சோற்றுப் பதம் இங்கே செல்லாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் காரணம் உப்பு. கடலூர் நகரத்துக்குள் வரும் கெடிலம் கழிமுகத்தை நெருங்கிவிட்ட ஆறு. கடல் ஏற்றம் உள்ளே வருகிறது. கேடிஸ் வரிசை ஏறக்குறைய முழுவதும் நன்னீருக்கு உரியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடற்கரைகளில் கடல் நீரிலேயே வளரும் ஒரு சிறு குடும்பம் இருக்கிறது; அதில் ஓர் இனம் நட்சத்திர மீனின் உடலுக்குள் முட்டையிடுகிறது என்பது வியப்பான செய்தி. நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே உப்பு ஏறும் பகுதியில் கேடிஸைத் தேடிக் காணவில்லை என்றால், அது மாசுக்குச் சாட்சி ஆகாது. ஒரு சொட்டுச் சாக்கடை கலக்காமல் இருந்திருந்தாலும் அந்த இடத்தில் அவை இருந்திருக்கப் போவதில்லை.

இரண்டாவது காரணம் நிலம். கேடிஸ் குடும்பங்களில் பெரும்பாலானவை கல்லும் ஓட்டமும் குளிர்ச்சியும் உள்ள மலையோடைகளில் செழிப்பவை. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். நம் சித்திரை வெயிலில் ஆழமில்லாத ஏரித் தண்ணீர் அதையும் தாண்டிச் சூடாகிறது. கடலூர், புதுச்சேரிச் சமவெளியில் இயற்கையாகக் கல் பரந்த ஓடையே அரிது, மணலும் களியும்தான். மேல்நீரோட்டத்தில் கல்வராயன் மலையிலும் செஞ்சிக் குன்றுகளிலும் கிடைக்கும் குடும்பங்களின் வரிசையை இங்கே எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

மூன்றாவது காரணம் அந்த மதிப்பெண்களே. லெப்டோசெரிடேக்கு 10 என்பது பிரிட்டனின் குளிர்ந்த ஆறுகளில் அந்தக் குடும்பத்தின் நடத்தையை வைத்துக் கொடுத்தது. வெப்ப நாடுகளில் அதே குடும்பத்தின் சில பேரினங்கள், குறிப்பாக ஈசெட்டிஸ் போன்றவை, சூடான குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் தாராளமாக வாழ்கின்றன. எனவே பாகூருக்கு 10 மதிப்பெண் என்று கொண்டாடுவதும் அவசரம்தான். அங்கே தண்ணீரில் ஓரளவு ஆக்சிசன் இருக்கிறது, புழு வளரும் காலம் முழுவதும் தண்ணீர் வற்றவில்லை, பூச்சிக்கொல்லி கொல்லும் அளவுக்கு வந்து சேரவில்லை என்ற மூன்றை மட்டும் நான் துணிந்து சொல்வேன்.

வீராணத்தான் (காட்டுமன்னார்கோயில்)

அம்மா சொன்ன கல் விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் சமவெளியில் கல் பரந்த ஓட்டம் இயற்கையாக இல்லை என்பது உண்மை. ஆனால் மனிதன் கட்டி வைத்த ஓட்டம் இருக்கிறது. மதகு, கலங்கல் (ஏரி நிரம்பி வழியும் இடம்), அணைக்கட்டின் கீழ்த்தளம், வாய்க்கால் விழும் இடத்துக் கல் பதிப்பு ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூருக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரியை நிரப்புகிறது. இந்த வழிகளில் தண்ணீர் கல்லில் மோதி நுரைத்து ஓடும் ஒவ்வோர் இடத்திலும் வலைகட்டும் புழுக்களைத் தேடலாம். எங்கள் பக்கத்து ஒரு கலங்கலில் தண்ணீர் வழிந்த வாரங்களில் கற்களின் மேல் வலைகள் வரிசையாக இருந்ததைப் பார்த்தேன். வலைகளின் வாய் எல்லாம் ஓட்டத்தை நோக்கியே இருந்தது.

பாசனக் கட்டுமானங்களைப் பழுதுபார்க்கும்போது கல் பதிப்பைப் பெயர்த்துவிட்டு வழவழப்பாகக் கான்கிரீட் பூசிவிடுகிறார்கள். தண்ணீர் விரைவாகப் போகிறது, கசிவும் குறைகிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லிடுக்கு இல்லாத தளத்தில் இந்தப் புழு அறை கட்ட இடமில்லை. கலங்கலின் கீழ்ப்பகுதியில் மட்டுமாவது கல்லை விட்டுவைக்க முடியாதா என்று பொறியாளர்கள் யாராவது இங்கே இருந்தால் கேட்க விரும்புகிறேன்.

அரியாங்குப்பம் வாசகர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊபேர் துய்ப்ரா என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1980-களிலிருந்து கேடிஸ் புழுக்களைத் தொட்டியில் வைத்து, மணலுக்குப் பதிலாகத் தங்கத் துகள்களையும் முத்துகளையும் மணிக்கற்களையும் கொடுத்து, அவை அவற்றைக் கொண்டே கூடு கட்டுவதைக் காட்சிப்படுத்தினார். படங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பூச்சியின் மேல் தீராத ஆர்வம். வீட்டு மீன்தொட்டியில் நம் ஊர்ப் புழுக்களை வளர்க்க முடியுமா?

நீர்ப்பூச்சி ஆசிரியை (புதுச்சேரி)

குழல் சுமக்கும் லெப்டோசெரிடே என்றால் சில நாட்கள் வைத்துப் பார்க்கலாம். காற்றுக்குழாய் ஓட வேண்டும், தண்ணீர் எடுத்த இடத்துத் தண்ணீராகவே இருக்க வேண்டும், மீன் இருக்கக் கூடாது. வலைகட்டும் புழுக்களை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஓட்டம் நின்ற தொட்டியில் அவை பிழைக்காது. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

வளர்ந்த பூச்சியைப் பார்க்க விரும்பினால் தொட்டியே தேவையில்லை. ஏரிக்கரை வீட்டில் இரவு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் விளக்கை வைத்தால் போதும். அந்துப்பூச்சி போலவே மங்கிய பழுப்பில் வந்து அமரும். சிறகுகளைக் கூரைபோல் சாய்த்து மடித்திருக்கும். சிறகில் செதிலுக்குப் பதிலாக மயிர் இருக்கும். சுருண்ட உறிஞ்சுகுழல் இருக்காது. லெப்டோசெரிடே என்றால் உணர்கொம்பு முன்சிறகைவிட மிகவும் நீளமாக, நூல்போல முன்னோக்கி நீண்டிருக்கும்.

கெடிலக்கரை (கடலூர்)

அம்மா, உங்கள் மூன்று காரணங்களையும் மறுக்கவில்லை. உப்பைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் பயன்படும்; இனி ஏற்றம் எட்டும் எல்லைக்கு மேலேதான் தேடுவேன். ஆனால் என் அச்சத்தையும் கேளுங்கள். கேடிஸ் இல்லாததற்கு வெப்பம் காரணம், நிலம் காரணம், கல் இல்லாதது காரணம் என்று நாமே அடுக்கிக் கொடுத்தால், கழிவுநீரை விடுகிறவர்கள் அதையே எடுத்து நம் முன் வைப்பார்கள். "இந்த ஆற்றில் என்றைக்குமே இருந்ததில்லை" என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. எச்சரிக்கை மணியை நாமே கழற்றி வைத்தது போல ஆகாதா?

நீர்ப்பூச்சி ஆசிரியை (புதுச்சேரி)

மிக முக்கியமான கேள்வி, ஐயா. அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க வேண்டும் என்றால், இல்லாமையைத் தனியாக நிறுத்திச் சாட்சி கூப்பிடக் கூடாது; ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். கழிவுநீர் கலக்கும் வாய்க்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். இரண்டிலும் ஒரே மாதிரி அடித்தளம், ஒரே அளவு ஓட்டம், ஒரே ஆழம், இரண்டும் உப்பு எட்டாதவை. ஒரே நாளில், ஒரே அளவு நேரம், ஒரே கொசுவலையால் செய்த கைவலையைக் கொண்டு எடுங்கள். மேலே மணல்குழல் புழுவும் வலைகட்டும் புழுவும் இருந்து, கீழே அவை மறைந்து, சிவப்புப் புழுக்கள் மட்டும் பெருகியிருந்தால், வெப்பத்தையும் நிலத்தையும் யாரும் காரணம் காட்ட முடியாது. அவை இரண்டு இடத்துக்கும் பொது. இருப்பதையும் இல்லாததையும் மட்டும் குறிக்காமல், எத்தனை வகை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய எவ்வளவு என்றும் குறிக்க வேண்டும்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையின் பெருவெள்ளம் கற்களைப் புரட்டி, வலைகளை அறுத்து, வண்டலால் மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அது வெள்ளத்தின் கணக்கு. மழை நின்று தண்ணீர் தெளிந்து, ஓட்டம் நிதானப்பட்ட தை, மாசி மாதங்கள் நமக்கு ஏற்றவை. கூட்டுப்புழுக்களையும் (புழு பூச்சியாக மாறும் இடைநிலை; நெல் கூண்டுப்புழு அல்ல) விட்டுவிடாதீர்கள்: கூட்டைக் கல்லோடு ஒட்டி, இரு முனைகளையும் சல்லடைபோல் பட்டால் அடைத்து, உள்ளே உருமாறும், நேரம் வந்ததும் தன் தாடைகளால் அடைப்பை அறுத்து நீந்தி மேலே வரும். அந்த நிலையில் கூடு நகராததால் பலர் வெறும் மணல்கட்டி என்று தள்ளிவிடுகிறார்கள்.

மதகடி (பாகூர்)

அப்படியென்றால் பாகூரில் நான் செய்யக்கூடியது மதகுக்கு உடனடிக் கீழே ஓரிடமும், வயல்களின் வடிகால் வந்து சேர்ந்த பிறகு ஓரிடமும் தேர்ந்தெடுப்பது என்று புரிந்துகொள்கிறேன். இரண்டிலும் கல் பதிப்பு இருக்கிறது. தை மாதத்தில் தொடங்குகிறேன். குறிப்புகளையும் படங்களையும் இந்த இழையிலேயே இடுகிறேன். கெடிலக்கரை ஐயா அதே வாரத்தில் திருவதிகைக்கு மேலே எடுத்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நெல்வயல் (குறிஞ்சிப்பாடி)

வடிகால் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் வயலில் மருந்து அடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ மழை வந்தால் தண்ணீரை வடிக்க வேண்டியிருக்கிறது. அது இந்தப் புழுக்களைக் கொல்லுமா? மண்ணெண்ணெய்க் கயிறு இழுத்த தண்ணீரும் அப்படித்தானா? கேட்டுத் தெரிந்துகொண்டால் எங்கள் ஊர்க்காரர்களிடமும் சொல்வேன்.

நீர்ப்பூச்சி ஆசிரியை (புதுச்சேரி)

கேட்டதற்கு நன்றி, ஐயா. பைரித்திராய்டு வகை மருந்துகளும், இமிடாகுளோபிரிட் போன்றவையும் மிகக் குறைந்த அளவிலேயே நீர்ப்பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. கேடிஸ் அவற்றுக்கு எளிதில் பலியாகும். உடனே சாகாவிட்டாலும் வலை கட்டுவதும் இரை தின்பதும் தடுமாறும். ஆகவே மழை வரும் அறிகுறி இருந்தால் மருந்தடிப்பைத் தள்ளிப்போடுவதும், அடித்த தண்ணீரை இயன்றவரை வயலுக்குள்ளேயே சில நாட்கள் நிறுத்திவைப்பதும் பெரிய உதவி. மண்ணெண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பில் மிதப்பது. அடியில் செவுளால் மூச்சுவிடும் கேடிஸைவிட, மேலே வந்து காற்றை எடுக்கும் நீர்வண்டுகளையும் நீர்மூட்டைப்பூச்சிகளையும்தான் அது முதலில் பாதிக்கும். ஆனால் கேடிஸும் சிறகு முளைத்து வெளியேறும் வேளையில் அந்தப் பரப்பைக் கடந்துதான் ஆக வேண்டும். கூண்டுப்புழு குறைவாக இருக்கும்போது கயிற்றை மண்ணெண்ணெய் இல்லாமல் வெறுமனே இழுத்துக் கூடுகளை விழச் செய்து, வடியும் வாயில் கொசுவலை கட்டி அரித்தெடுத்துப் பாருங்கள். எவ்வளவு பிடிபடுகிறது என்பதையும், வலையில் மணல்குழல் ஏதாவது சிக்குகிறதா என்பதையும் இங்கே எழுதினால் மதகடி நண்பரின் குறிப்புகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.